உடையாத முளை

அந்தச் சனிக்கிழமை காலையிலும் என் கணவர் தஹ்சின் மோட்டார் அறையிலிருந்து வந்து, கையிலிருந்த மரமுளையை அடுப்புக்குள் போட்டார். கைகழுவிவிட்டுத் தேநீருக்கு உட்கார்ந்தார். முளை முழுசாகத்தான் இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

"நல்லாத்தானே இருக்கு? இன்னும் ஒரு மாசம் ஓடியிருக்குமே" என்றேன். வாரம் தவறாமல் நான் சொல்வதுதான்.

"ஓடும். அதுதான் வம்பே" என்றார். வாரம் தவறாமல் அவர் சொல்வது.

இன்னொரு சர்க்கரைக் கட்டி கேட்டார். கொடுத்தேன். தவிட்டு மூட்டை எடுத்துவர ஆலைக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். நெட்டிலிங்க மரங்கள் நிற்கிற திருப்பத்தில் வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, கைப்பிரேக்கும் போட்டிருக்கிறார். அதற்குப் பிறகு இதயம் நின்றிருக்கிறது. பின்னால் வந்த பால்வண்டிக்காரர் முதலில் அவர் தூங்குவதாக நினைத்தாராம்.

மதியத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. அவருடைய அக்கா ஹாஜெர் வந்ததும் முதலில் செய்த காரியம், வீட்டில் இருந்த தண்ணீரை எல்லாம் கொட்டியது. உயிரெடுக்க வந்த வானவர் தன் கத்தியை அந்த வீட்டுத் தண்ணீரில்தான் கழுவுவார் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. குடம், கெண்டி, தேநீர்க் கெட்டில், துணி ஊறவைத்த வாளி எதையும் விடவில்லை. நான் சுவரோரம் உட்கார்ந்து தண்ணீர் முற்றத்தில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான் எனக்கு நினைவிருக்கிறது.

ஆனால் மாடுகளுக்குச் சாவு வீடு தெரியாது. முப்பத்து நான்கு மாடுகள் சாணி போட்டுக்கொண்டுதான் இருந்தன.

எங்கள் கொட்டகையின் நடுவே நீளமாக ஒரு சிமென்ட் நடை. அதன் அகலத்துக்கு ஓர் இரும்புத் தகடு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மோட்டார் தானாக ஓடும். கம்பிவடம் தகட்டை இழுக்க, தகடு சாணியை வாரித் தள்ளிக்கொண்டு கடைசியில் இருக்கும் குழிவரை போகும், பிறகு திரும்பி வரும். நின்றுகொண்டிருக்கும் மாட்டுக்கு அதனால் தொந்தரவில்லை. வருவதைப் பார்த்துக் காலைத் தூக்கித் தாண்டிக்கொள்ளும். நடையிலேயே படுத்துவிடுகிற மாடுதான் ஆபத்து. சினைமுற்றிய மாடுகள் அப்படிப் படுக்கும்.

அதற்காகத்தான் முளை. மோட்டாரும் வடம் சுற்றும் உருளையும் இரண்டு வட்டத் தட்டுகளால் சேர்ந்திருக்கும். இரண்டையும் துளைத்து ஒரு முளை செருகியிருக்கும். தகடு எதிலாவது முட்டிக்கொண்டால் முளை உடைந்துவிட வேண்டும். மோட்டார் வெறுமனே சுற்றும், தகடு நின்ற இடத்தில் நிற்கும். நாங்கள் இந்த எந்திரத்தை இருநூறு மாடு வைத்திருந்த ஒரு பண்ணையிலிருந்து பழையதாக வாங்கினோம். கூடவே வந்தது எஃகு போல்ட். அது இருநூறு மாட்டுச் சாணிக்கு ஏற்ற போல்ட். முதல் குளிர்காலத்தில் ஒரு மாடு நடையில் படுத்திருந்தது. போல்ட் உடையவில்லை, மாட்டின் இடுப்பு உடைந்தது. அன்றைக்கே போல்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, தஹ்சின் முசுக்கொட்டை மரத்தில் விரல்தடி முளைகளைச் சீவத் தொடங்கினார்.

தேநீர்க்கடையில் சிரித்தார்கள். அவர் தம்பி ஷுக்ரூவின் சிரிப்புதான் எல்லாரையும்விடப் பெரியது. "எங்கண்ணன் இரும்பு எந்திரத்துக்கு மரப்பல்லு கட்டியிருக்காரு" என்று ஊரெல்லாம் சொன்னான். பெயர் ஒட்டிக்கொண்டது. மரப்பல் தஹ்சின். அவர் கோபித்துக்கொண்டதே இல்லை.

அவர் போன நான்காம் நாள், மாடு ஒன்று நடையில் படுத்து, அவர் கடைசியாகச் செருகிய முளை உடைந்தது. நான் கண்ணீரும் சேறுமாக மோட்டார் அறைக்குள் நுழைந்தேன். பன்னிரண்டு வருடத்தில் நான் அங்கே போனது பத்துத் தடவை இருக்காது. பாலும் கன்றுகளும் என் பக்கம், எந்திரம் அவர் பக்கம் என்று எப்போதோ பிரித்துக்கொண்டிருந்தோம். அலமாரியில் ஒரு துணிப்பை இருந்தது. அதற்குள் முளைகள், சுத்தமாக, ஒழுங்காக. இருபத்தாறு எண்ணினேன். ஒன்றைச் செருகினேன். உடைந்த பாதிகள் இரண்டையும் என் மேல்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். தூக்கி எறிய மனம் வரவில்லை.

ஏழாம் நாள் அல்வா கிண்டிக் கொடுத்தோம். நாற்பதாம் நாள் ஓதிமுடித்து, வந்தவர்கள் போனபின், ஷுக்ரூ காலணியைக்கூடப் போடாமல் வாசலில் நின்றான்.

"அண்ணி, ஒண்ணு சொல்லுவேன், கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"மே மாசம் பதினோரு மாடு கன்னு போடப்போவுது. அந்த எந்திரம், அந்தக் குழி, இதெல்லாம் ஒத்தப் பொம்பள பாக்கிற காரியமா? மாட்டு யாவாரிகிட்ட பேசியிருக்கேன். மொத்தமா ஓட்டிக்குவாரு."

"கன்னு போடுற வரைக்கும் எனக்கு விடு ஷுக்ரூ."

"அதுக்குள்ள ஒரு மாட்டுக்கு எதுனா ஆச்சுன்னா?"

"ஆச்சுன்னா நானே யாவாரியக் கூப்பிடுறேன்."

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் சொன்னது சொன்னதுதான். ஹாஜெர் அக்கா உள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் குடும்பத்தில் அவர் காதில் விழுந்தது பத்திரத்தில் எழுதினதற்குச் சமம்.

நான் எந்திரத்தைக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். கல்யாணத்துக்கு முன்னால் ஒன்பது வருடம் பால் சங்கத்தில் கொழுப்புச் சோதனை செய்தவள் நான். ஒரு நோட்டும் பென்சிலும் இருந்தால் எதையும் பார்த்துவிடலாம் என்கிற திமிர் அங்கே வந்தது. மூலைக் கப்பிகள் நான்குக்கும் திங்கள்தோறும் கிரீஸ். வடத்தைப் பழந்துணியால் பிடித்துக்கொண்டே முழு நீளமும் நடப்பது. அறுந்த இழை இருந்தால் துணியைக் கவ்வும். வடம் தொய்ந்தால் திருகை அரைச்சுற்று. தகட்டின் அடியில் இருக்கும் ரப்பர் தேய்ந்தால் திருப்பிப் போடுவது. சனிக்கிழமை காலை முளையை மாற்றுவது. ஏன் மாற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியாது. அவர் செய்தார், அதனால் செய்தேன். எடுத்த முளையை அடுப்பில் போடமட்டும் முடியவில்லை. திரும்பப் பைக்குள்ளேயே வைத்தேன்.

ஏப்ரல் முடியும்போது நோட்டைப் புரட்டினேன். முன்பெல்லாம் மாதத்துக்கு இரண்டு மூன்று முளை உடையும். நான் பொறுப்பேற்ற பிறகு ஒன்றுகூட உடையவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. கப்பிக்கு நான் போடும் கிரீஸ், நான் முறுக்கும் வடம், என் கைராசி என்று நினைத்துக்கொண்டேன். ஷுக்ரூவிடம் சொல்லவும் செய்தேன்.

"ஒண்ணு கூட ஒடையல தெரியுமா? உங்கண்ணன் காலத்துல நடந்திருக்கா?"

"அப்ப நீங்கதான் எந்திரத்துக்குப் பெரிய உஸ்தா" என்றான். "எங்கண்ணன் பாவம், பல்லு கட்டியே காலத்த ஓட்டிட்டாரு."

இரண்டு பேரும் சிரித்தோம். அவர் போன பிறகு நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. நான் எவ்வளவு பெரிய முட்டாளாக இருந்தேன் என்பது நான்கு நாள் கழித்துத் தெரிந்தது.

கறவை முடிந்து கேன்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். கொட்டகைக்குள்ளிருந்து ஒரு சத்தம். மாட்டின் சத்தம்தான், ஆனால் நான் அதுவரை கேட்டிராத சத்தம். ஓடினேன். நாஸ்லி நடையில் படுத்திருந்தாள். எட்டு மாதச் சினை. தகடு அவள் பின்தொடையில் முட்டி, நிற்காமல், அவளை அப்படியே தள்ளிக்கொண்டு வந்தது. அவள் எழப் பார்க்கிறாள், சாணியில் கால் வழுக்குகிறது. நான் சுவிட்சை அடிப்பதற்குள் இரண்டு அடி நகர்ந்துவிட்டாள். பின்கால் முட்டியில் தோல் உரிந்து தொங்கியது.

மருத்துவர் வந்து தைத்தார். எலும்புக்கு ஒன்றுமில்லை, கர்ப்பத்துக்கும் ஒன்றுமில்லை என்றார். அவர் போனதும் நான் மோட்டார் அறையில் தரையில் உட்கார்ந்து முளையை உருவிப் பார்த்தேன். முழுசாக இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

ஷுக்ரூவுக்கு யார் சொன்னார்களோ, அரை மணி நேரத்தில் தான் ஓட்டும் மினிபஸ்ஸை வாசலில் நிறுத்தினான். நான் அவனைப் பார்த்து, "யாவாரிய வரச்சொல்லிடு" என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்ன சொல் அதுதான். ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு.

"இது ஏன் ஒடையல?"

"மரம்தானே அண்ணி. கெட்டியான மரமா இருந்திருக்கும்."

"இதே மரம். அவரு சீவினது. அவரு கையில இருந்தப்ப ஒடஞ்சுது, என் கையில ஒடைய மாட்டேங்குது. ஏன்?"

"எனக்கெப்படித் தெரியும்? அவரையே..." என்று தொடங்கி, நிறுத்திக்கொண்டான்.

"எனக்குப் பதினஞ்சு நாள் குடு. காரணம் தெரியலன்னா வரட்டும் உன் யாவாரி."

அவன் என்னையும் பார்த்தான், என் கையிலிருந்த முளையையும் பார்த்தான். "வெறும் கட்டைக்கு என்ன அண்ணி காரணம்?" என்றான். ஆனாலும் தலையாட்டினான்.

அந்தப் பதினைந்து நாளும் தகட்டைத் தானாக ஓடவிடவில்லை. ஒவ்வொரு தடவையும் கொட்டகையைப் பார்த்துவிட்டு, சுவிட்சில் கைவைத்துக்கொண்டே ஓட்டினேன். மற்ற நேரமெல்லாம் முளையைப் பற்றியே யோசித்தேன். அவர் இறந்ததிலிருந்து எனக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. சாப்பாடு கசந்தது, தொலைக்காட்சியின் சத்தம் பிடிக்கவில்லை. ஆனால் இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. மாட்டுக்குத் தீவனம் போடும்போதும் அதுதான், படுத்தாலும் அதுதான்.

மேல்சட்டைப் பையில் கிடந்த பாதிகளை முதன்முதலாக வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். நான்காம் நாள் உடைந்த முளை. உடைந்த முகம் பழைய துடைப்பம் போல நார்நாராகப் பிரிந்திருந்தது. பையிலிருந்து ஒன்றை எடுத்து வைஸ் இடுக்கியில் கவ்வவைத்துச் சுத்தியலால் அடித்தேன். ஐந்தாவது அடியில் காரட் முறிவதைப்போலச் சுத்தமாக முறிந்தது. ஒரே மரம், ஒரே கை, இரண்டு விதமான சாவு.

அடுத்து அளந்தேன். பையில் இருந்தவை துளைக்குள் தானாக வழுக்கிக்கொண்டு போயின. ஆனால் தஹ்சின் சுத்தியலால் தட்டித்தான் செருகுவார். டொக் டொக் டொக் என்று மூன்று தட்டு சமையலறைவரை கேட்கும். அப்படியானால் அவர் செருகும்போது முளை பருமனாக இருந்திருக்கிறது.

உடைந்த பாதியின்மேல் லேசாக வெள்ளைப் பூச்சு. நகத்தால் சுரண்டினால் மாவு போல வந்தது. சுண்ணாம்பா? சாணியில் ஊறினதில் வந்ததா? ஆனால் முளை இருப்பது மோட்டார் அறையில், சாணி அங்கே வராது. பால் சங்கத்தில் நாங்கள் எல்லாவற்றையும் கடைசியில் ஒரு வழியில்தான் சோதிப்போம். நாக்கில் வைத்தேன்.

சரியாக அந்த நேரம் பார்த்து ஹாஜெர் அக்கா கொட்டகைக்குள் வந்தார்.

"அடி பாவி! என்னடி பண்ற? மாட்டுக் கொட்டாயில கெடக்கிற கட்டைய நக்கிக்கிட்டு! என் தம்பி போனதுல இவளுக்குப் புத்தியும் போயிடுச்சே!"

"அக்கா, உப்பு கரிக்குது."

"கரிக்கட்டும், துப்பு!"

"நெஜமா அக்கா. கடல் தண்ணி மாதிரி. கட்டையில எப்படி உப்பு வரும்?"

ஹாஜெர் அக்காவுக்கு முகம் மாறிவிட்டது. முக்காட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலிருந்த தவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"அந்த ஜாடி" என்றார்.

"எந்த ஜாடி?"

"மோட்டார் ரூமு அலமாரியில ஒரு கண்ணாடி ஜாடி இருந்துச்சு. அன்னிக்கி. தண்ணியெல்லாம் கொட்டினேன்ல, இங்கயும் வந்து பாத்தேன். கொட்டாயும் அவன் வீடுதானே? தொட்டித் தண்ணியத் தொறந்துவிட்டேன். அப்புறம் அலமாரியில ஜாடி. ஊறுகா போட்டு வச்சிருக்கான்னு நெனச்சேன், வெள்ளரிக்கா. கைய விட்டா..."

"முளை."

"முளை. தண்ணியக் கொட்டிட்டேன். என் தம்பி கையால சீவினதாச்சேன்னு ஒவ்வொண்ணா கழுவி, தொடச்சு, அடுப்பு மேல ரெண்டு நாள் காயவச்சு, பையில போட்டு வச்சேன். ஈரத்துல கெடந்தா உளுத்துப்போயிடும்ல?" அவர் என் கையைப் பிடித்தார். "ரெஃபிகா, நான் தப்புப் பண்ணிட்டேனா?"

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது வேறு ஏதோ. பள்ளிக்கூடத்தில் கணக்குக்கு விடை கிடைத்த அடுத்த நொடியில் வருமே, அது.

"அக்கா, அவரு கட்டையை ஊறுகா போட்டிருக்காரு!"

"உலகத்துல எவனாவது செய்வானாடி அப்படி?"

"உங்க தம்பி செஞ்சிருக்காரு. ஈரக் கட்டைன்னா ஊதிப் பருக்கும், சீக்கிரம் ஒடையும். காஞ்ச கட்டை ஒடையாது. அவருக்கு ஒடையிற கட்டைதான் வேணும்."

"அப்ப தண்ணி போதாதா? உப்பு எதுக்கு?"

இன்னொரு கேள்வி மிச்சமிருந்தது. அதுதான் எனக்கு அன்றைக்குப் பிடித்திருந்தது.

மறுநாள் ஷுக்ரூவை வரச்சொன்னேன். குப்பைக்குள் பழைய இணைப்புத் தட்டு ஜோடி ஒன்று கிடந்தது. ஒன்றை வைஸில் இறுக்கினோம். மற்றதில் ஆள்நீளக் குழாய் ஒன்றைப் பற்றவைத்துக் கொடுத்தான். இரண்டு தட்டின் துளையிலும் முளையைச் செருகி, குழாயின் முனையில் பால் கேனைத் தொங்கவிட்டு, தண்ணீரை லிட்டர் லிட்டராக ஊற்றுவது. எத்தனையாவது லிட்டரில் முளை உடைகிறதோ அதுதான் அதன் பலம்.

ஆனால் ஒவ்வொரு சோதனையும் ஒரு முளையைத் தின்னும். அவர் சீவியவை. இனி அவர் சீவப்போவதில்லை. நான் முதல் முளையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்து ஷுக்ரூ சொன்னான்:

"வேற முசுக்கொட்டைக் கிளை வெட்டி நான் சீவித் தரேன் அண்ணி. இதை வச்சுக்கங்க."

"நீ சீவினா உன் கட்டை எங்க ஒடையும்னுதான் தெரியும். எனக்கு அவரோடது எங்க ஒடையும்னு தெரியணும்."

காய்ந்த முளை. ஹாஜெர் அக்கா ஜக்கால் ஊற்றி எண்ணினார். நாற்பதில் ஒரு கேன் நிறைந்து, இரண்டாவது கேனைத் தொங்கவிட்டோம். அறுபத்தொன்றில் உடைந்தது. ஷுக்ரூ எஃகு போல்ட் ஒன்றைப் போட்டுப் பார்த்தே தீருவேன் என்றான். குழாய்தான் வளைந்தது.

பிறகு ஊறவைத்தோம். ஒரு ஜாடியில் வெறும் தண்ணீர், ஒரு ஜாடியில் ஊறுகாய்க்குப் போடும் அளவு உப்பு. ஒரு நாள் ஊறினது ஐம்பதில் உடைந்தது. மூன்று நாள், முப்பத்தெட்டு. ஆறு நாள், முப்பத்தொன்று. உடைந்த முகம் துடைப்பம் போல நார்நாராக இருந்தது. எட்டு நாள் ஊறினதும் முப்பத்தொன்றுதான். மரம் ஓரளவுக்குமேல் குடிப்பதில்லை, வருடக்கணக்கில் ஜாடியில் கிடந்தாலும் அதே பலம்தான் என்று புரிந்தது. வெறும் தண்ணீரில் ஊறினதும் அதே கணக்கில்தான் உடைந்தது. அப்படியானால் உப்பு எதற்கு?

அதைக் கண்டுபிடித்தது ஹாஜெர் அக்கா. இரண்டு ஜாடியிலிருந்தும் ஒவ்வொன்றை எடுத்து மோட்டாரின் மேல் வைத்திருந்தோம். மோட்டார் சூடாக இருக்கும் இடம். மூன்றாம் நாள் இரண்டையும் கன்னத்தில் ஒற்றிப் பார்த்தார், குழந்தையின் துணி காய்ந்ததா என்று பார்ப்பதைப்போல.

"தண்ணிக் கட்டை காஞ்சுபோச்சு. உப்புக் கட்டை இன்னும் ஜில்லுனு இருக்குடி."

"உப்பு ஈரத்த விடாது" என்றேன். "ஆனா அதுவும் ஒரு வாரத்துக்கு மேல தாங்காது."

"அதான் சனிக்கிழமை சனிக்கிழமை மாத்தினானா?"

"ஓடும், அதுதான் வம்பேன்னு சொல்வாரு அக்கா. நான் வெளையாட்டுக்குச் சொல்றாருன்னு நெனச்சேன்."

ஷுக்ரூ ஜாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நான் ஊரெல்லாம் மரப்பல்லுன்னு சொல்லிச் சிரிச்சேனே" என்றான். "ஒரு தடவையாச்சும், டேய் இதாண்டா விஷயம்னு சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கேட்டியா?" என்றார் ஹாஜெர் அக்கா.

அவன் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை. உடையாததை ஏன் அடுப்பில் போடுகிறீர்கள் என்று கேட்பதற்குப் பதிலாக, நல்லாத்தானே இருக்கு என்று பன்னிரண்டு வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மொத்தம் ஒன்பது முளைகளை உடைத்தோம். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. முசுக்கொட்டையை ஏன் தேர்ந்தெடுத்தார், உப்பை யார் சொல்லிக்கொடுத்தது என்பது எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. தேநீர்க்கடையில், ஆலையில், பூர்தூர் நகரத்தின் பழைய இரும்புக் கடையில்கூடக் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. அவரே இப்படி ஜாடி ஜாடியாக வைத்துப் பார்த்திருக்கலாம். என்னைப்போலக் கேனைத் தொங்கவிட்டிருப்பாரா, அல்லது வெறும் கையாலேயே கண்டுபிடித்திருப்பாரா என்று இப்போதும் சில சமயம் யோசிப்பேன்.

பதினைந்தாம் நாள் ஷுக்ரூ வியாபாரியுடன் வந்தான். காரணம் தெரிந்துவிட்டதே, பிறகு ஏன் என்று நான் கேட்டதற்கு, "காரணம் தெரிஞ்சா போதுமா அண்ணி? ஜாடியில ஒடையிறது வேற, மாட்டு மேல ஒடையிறது வேற" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. மணல் மூட்டைகளை நடையில் அடுக்கி இரண்டு தடவை ஓட்டிப் பார்த்திருந்தேன், இரண்டு தடவையும் தகடு நின்றது. ஆனால் மூட்டைக்கு எலும்பு கிடையாது.

வியாபாரி கனத்த மனிதர், நல்ல மனிதர். தஹ்சினுக்காக ஒரு துஆ ஓதிவிட்டுத்தான் மாடுகளைப் பார்க்கத் தொடங்கினார். அவர் வேலிக்கம்பியில் சாய்ந்து நிற்கும்போது, மெனெக்ஷே என்கிற தலைச்சன் கிடாரி நடைக்கு வந்து, சுற்றிச் சுற்றி முகர்ந்து பார்த்து, நட்டநடுவில் படுத்தாள். வாலடியில் பனிக்குடம் தெரிந்தது. அவளை எழுப்பலாம் என்று நான் காலெடுத்து வைத்தபோது மோட்டார் ஓடத் தொடங்கியது. அன்று காலைதான் தைரியம் வந்து தானாக ஓடும்படி விட்டிருந்தேன்.

"அண்ணி, சுவிட்சு!"

திரும்பி வந்து சுவிட்சின் மேல் கை வைத்தேன். அழுத்தவில்லை.

"அண்ணி!"

"பொறு."

"அவளுக்கு எதுனா ஆச்சுன்னா என்ன ஆவும்னு தெரியும்ல?"

"தெரியும்."

தகடு வந்தது. முன்னால் குவிந்த சாணி முதலில் அவள் தொடையைத் தொட்டது. பிறகு இரும்பு தொட்டது. மெனெக்ஷே தலையைத் திருப்பிப் பார்த்தாள். வடம் நிமிர்ந்து நடுங்கியது. என் விரல் பாதி அழுத்திவிட்டது என்றுதான் நினைக்கிறேன். மோட்டார் அறைக்குள் டப் என்று ஒரு சிறிய சத்தம், கொட்டை உடைப்பதைப்போல. வடம் தொய்ந்து தரையில் விழுந்தது. மோட்டார் வெறுமனே உறுமிக்கொண்டிருக்க, தகடு அவள் தொடையில் சாய்ந்தபடி நின்றது. அவள் எழக்கூட இல்லை. முகத்தை முன்பக்கம் திருப்பிக்கொண்டு முக்க ஆரம்பித்தாள்.

நான் சுவிட்சை அணைத்தேன். 

வியாபாரி வேலியிலிருந்து நிமிர்ந்தார். ஷுக்ரூவைப் பார்த்து, "இந்த மாடுங்கள விக்கிறதுக்கா என்னக் கூட்டிட்டு வந்த?" என்றார்.  அவர் மேல்கோட்டைக் கழற்றிக் கம்பியில் போட்டுவிட்டு, சட்டைக்கையை மடித்துக்கொண்டு, கன்று இழுக்க நடைக்குள் இறங்கினார். ஹாஜெர் அக்கா வைக்கோலும் பழந்துணியும் கொண்டுவந்தார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. பெட்டைக் கன்று. கால்கள் முதலில் வந்தன, பிறகு நாக்கு வெளியே நீட்டிய முகம்.

கன்றைத் தூக்கிக்கொண்டுபோய்க் காய்ந்த இடத்தில் விட்டோம். தாய் பின்னாலேயே போனாள். வியாபாரி தேநீர் குடித்துவிட்டு, அடுத்த வருடம் காளைக் கன்று இருந்தால் சொல்லச் சொல்லிப் போனார். ஷுக்ரூ மண்வெட்டியை எடுத்து நடையில் கிடந்த வைக்கோலையும் நஞ்சுக்கொடியையும் வாரினான்.

நான் மோட்டார் அறைக்குப் போய் உடைந்த பாதிகளைத் தட்டி எடுத்தேன். ஜாடியிலிருந்து புதியதை எடுத்து, துணியில் ஒற்றாமல் அப்படியே செருகி, சுத்தியலால் தட்டினேன். சுவிட்சைப் போட்டேன். தகடு விட்ட இடத்திலிருந்து கிளம்பியது.

கொட்டகையின் ஒரு முனையிலிருந்து குழிவரை போக அதற்குப் பதினோரு நிமிடம் ஆகும், திரும்பி வரப் பதினோரு நிமிடம்.